இரண்டரைக் கட்டை

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் காலனியில் பிறந்தநாள் என்றால் பட்டு மாமியின் கேக்தான். அதில் முட்டை கிடையாது, க்ரீம் கிடையாது, மேலே ரோஜாப்பூவும் கிடையாது. பார்க்க மொட்டையாக இருக்கும். வாயில் போட்டால்தான் விஷயம் தெரியும். பக்குவம் கேட்டு வந்த பெண்களிடம் பட்டு ஒளிக்காமல் சொல்லுவாள். "வெண்ணெயும் சர்க்கரையும் சரளி வரிசை பதினாலுக்கும் அடிக்கணும். மூணு காலத்துலயும்." கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போய், மாமி கெட்டிக்காரி, ரகசியத்தை விடமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். பாவம், அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

பட்டு பாட்டு டீச்சராக இருந்தவள். பதினெட்டு வருஷம் காலனிக் குழந்தைகள் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சரளி வரிசை கத்தியிருக்கிறார்கள். ஐந்து கட்டைச் சுருதியில் மேல் ஸட்ஜத்தை அவள் பிடித்தால் தெருவில் போகிற பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார் என்று அவள் கணவர் ராஜாராமன் சொல்லுவார். தபால் ஆபீசில் வேலை பார்த்த மனிதர், மிகைப்படுத்திப் பேசத் தெரியாதவர், ஆகையால் நம்பலாம்.

தொண்ணூற்றொன்பதில் கழுத்தில் ஒரு கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போனது, போகிற போக்கில் குரலையும் கூட்டிக்கொண்டு போனது. குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று சோர்ந்துவிட்டது, பேச்சு வரும், பாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேச்சு வந்தது, பாதி காற்றும் பாதி சத்தமுமாக. மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சுருதிப் பெட்டியை ஐந்தில் வைத்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"கொஞ்சம் இறக்கி வெச்சுப் பாரேன்" என்றார் ராஜாராமன்.

"ஆம்பளைச் சுருதிக்கா? அஞ்சு கட்டையில பாடினவ நான். அதுக்கு ஊமையாவே இருந்துட்டுப் போறேன்."

பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்த வீட்டில் பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த நாட்களில் வாசல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவள் இரும்புலியூர் பியூலா. அவள் மகள் கிருபா பட்டுவிடம் பாட்டுப் படித்தவள். வகுப்பு நின்றபின் மற்ற அம்மாக்கள் ஒரு தடவை வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். பியூலா மட்டும் ஒரு கிலோ வெண்ணெயும் மரக்கரண்டியும் கொண்டுவந்தாள். "சும்மா உக்காராதீங்கக்கா. இதை அடிங்க. கை வலிக்கிற வரைக்கும் அடிங்க. கேக்குக்கு மிச்சத்தை நான் சொல்லித் தரேன்."

பட்டு அடித்தாள். நாலைந்து அடியிலேயே கை தானாகத் தாளத்தில் விழுந்துவிட்டது. வெண்ணெய் குழைகிற வரை முதல் காலம். சர்க்கரை விழுந்ததும் இரட்டை வேகத்தில் இரண்டாம் காலம். வெளுத்து நுரைத்து வரும்போது மூன்றாம் காலம். வாய் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. தொண்டையில் செத்துப்போனது மணிக்கட்டில் உயிரோடு இருந்ததைக் கண்டு அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. காலனி சாப்பிட்டுக்கொண்டிருந்தது அந்தச் சங்கீதத்தைத்தான், காலனிக்குத்தான் அது தெரியாது.

இரண்டாயிரத்து ஏழில் வலது தோள் இறுகிக்கொண்டது. தலை பின்ன முடியவில்லை. பிசியோதெரபி டாக்டர், மாவு வெண்ணெய் சமாச்சாரமெல்லாம் இனிமேல் ஆகாது என்று ஒரே போடாகப் போட்டார். இடது கையால் அடித்துப் பார்த்தாள், தாளம் நிற்கவில்லை. ராஜாராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கரண்டியை வாங்கினார். தாம்பரம் மார்க்கெட்டில் ஷேர் ஆட்டோ போகிற மாதிரி, நாலு அடி வேகம், ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அடி. பட்டு காதைப் பொத்திக்கொண்டு கரண்டியைப் பிடுங்கினாள்.

அப்போதுதான் பியூலா அந்தச் செய்தியோடு வந்தாள். கிருபாவுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணமாகியிருந்தது. பியூலா மகளோடு போய் இருக்கப் போகிறாள். துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய, வெண்ணெய் அடிக்கிற கேக் மெஷினைக் கொண்டுபோக முடியாது.

"பாதி விலைக்குத் தரேன்க்கா. ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். அன்னிக்கு வேணும் வேணாம்னு சொல்லுங்க. கேக்கு உங்களுதுதான், சொல்லிட்டேன்."

போர்வையில் சுற்றிய மெஷினை ஆட்டோவிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கிரைண்டருக்குப் பக்கத்தில் அதை உட்கார வைத்தார்கள். கனமான உடம்பு, குனிந்த தலை, கீழே பளபளவென்று எஃகுக் கிண்ணம். பக்கத்தில் ஒரு திருகு, ஒன்றிலிருந்து ஆறு வரை எண்கள். பியூலா வெண்ணெயைப் போட்டு ஒன்றில் வைத்தாள்.

பட்டு கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். தலையில் மாட்டிய துடுப்பு தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, கிண்ணத்தையும் சுற்றி வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்று பட்டு தொடையில் தாளம் போட்டுப் பார்த்தாள். ஓர் ஆவர்த்தனம், இரண்டு, எட்டு. மயிரிழை பிசகவில்லை. திருகை இரண்டுக்கு நகர்த்தியதும் கிட்டத்தட்ட இரட்டிப்பாக ஓடியது. எத்தனையோ மிருதங்கக்காரர்களோடு பாடியிருக்கிறாள், காலம் மாறுகிற இடத்தில் ஓர் இம்மியாவது பதறாத ஆளை அவள் பார்த்ததில்லை. இது பதறவில்லை, மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவும் இல்லை. பியூலா ஓயாமல் பேசிக்கொண்டே திருகை நாலுக்கு ஏற்றினாள், சமையலறை முழுக்க இரைச்சல். ஆறே நிமிஷத்தில் கிண்ணத்தில் மேகம் மாதிரி வெண்ணெய். பட்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முக்கால் மணி நேரம் அடித்தாலும் இந்தப் பதம் வராது. அந்த வெண்ணெயின் முன்னால் கைகூப்பத் தோன்றியது அவளுக்கு.

பியூலா போனதும் மெஷின்மேல் போர்வையை இழுத்து மூடினாள்.

"நன்னாயில்லையா?" என்று கேட்டார் ராஜாராமன்.

"பிரமாதமா பண்றது. அதனாலதான் வேண்டாம்."

"புரியலையே, பட்டு."

"எனக்கு மிச்சம் இருந்தது அந்தத் தாளம் ஒண்ணுதான். அதையும் இதுகிட்ட குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன், பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கவா?"

வாரம் முழுவதும் மெஷின் போர்வைக்குள் இருந்தது. பட்டு அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தாள், புது மருமகளைப் பார்க்கிற மாமியார் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமைக்குக் கேக் வேண்டும். பியூலாவின் வீட்டுக்கு, பியூலாவின் கடைசி விருந்துக்கு, கடையில் வாங்கிக்கொண்டு போவதா? காலையில் மரக்கரண்டியை எடுத்து இரண்டு அடி அடித்தாள். தோளில் கத்தி இறங்கியது. சரி, போகிற நாளில் ஒரு தடவை உபயோகப்பட்டுப் போகட்டும் என்று போர்வையை விலக்கினாள்.

ராஜாராமன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலனி அடங்கியிருந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு, ஒன்றில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திருகை இரண்டில் வைத்தாள். முதலில் திணறின மோட்டார், வெண்ணெய் இளகினதும் ஒரே சீராக ரீங்காரம் போட ஆரம்பித்தது. பட்டு தன்னையறியாமல் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது உடனே சொல்லிவிட்டது. இரண்டரைக் கட்டை. அவள் வேண்டாமென்று தள்ளிய ஆம்பளைச் சுருதி, அசையாத இரண்டரைக் கட்டை.

யாரோ கூடவே முனகுகிற மாதிரி இருந்தது. பட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. நெஞ்சில் கையை வைத்தாள், அங்கே அதிர்ந்தது. முனகியது அவள்தான்.

அடி வயிற்றிலிருந்து, கரகரப்பாக, ஆனால் விலகாமல், ஸட்ஜம் ரீங்காரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பயந்துபோய் நிறுத்தினாள். மெஷின் நிறுத்தவில்லை. மறுபடி போய் ஒட்டினாள். ஸ, ரி, க, ம. எட்டு வருஷமாக அந்தத் தொண்டைக்குள் இது கீழே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது. மேலேயே தேடிக்கொண்டிருந்தது அவள். பஞ்சமத்தைத் தொட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினாலு வரிசையும் பாடினாள், கண்ணை மூடிக்கொண்டு, தோள் வலியை மறந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டு.

கண்ணைத் திறந்தபோது ராஜாராமன் கதவருகே நின்றிருந்தார். பேப்பர் கையிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

அத்தனை நேரமும் மெஷின் ஓடியதில் கிண்ணத்தில் வெண்ணெய் உருகி, எண்ணெய் பிரிந்து, கூழாகியிருந்தது. வேறு வெண்ணெய் வாங்க நேரமில்லை. அதையே மாவில் கலந்து அடுப்பேற்றினாள். கேக் எழும்பவே இல்லை.

இரும்புலியூரில் பியூலா வீட்டு மேஜையில், அத்தனை பேர் நடுவில், அது சப்பையாக உட்கார்ந்திருந்தது. பியூலா கத்தியை இறக்கினாள், இறங்க மறுத்தது. ஒரு துண்டு வாயில் போட்டு மென்றாள். முகம் விழுந்துவிட்டது.

"என்னக்கா ஆச்சு? உங்க கைக்கு இப்படி வராதே. மெஷின் மேலதான் தப்பு. விடுங்க, பம்மல்ல ஒருத்தங்க கேட்டாங்க, அவங்களுக்குக் குடுத்துடறேன்."

"குடுத்துடாதே" என்றாள் பட்டு. சத்தமாகவே சொன்னாள். "அது என்னோடது."

"கேக்கு கல்லு மாதிரி இருக்கேக்கா?"

பட்டு கணவர் பக்கம் திரும்பினாள். ராஜாராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பியூலா, காலம்பற அதோட சேர்ந்து இவ பாடினா."

பியூலா கத்தியைக் கீழே வைத்தாள். பட்டுவின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டில் இருந்ததை ஒரு துணுக்கு விடாமல் மென்று தின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"இன்னொரு துண்டு போடுங்கக்கா" என்று தட்டை நீட்டினாள்.