வேலம்மாளின் ஈரத்தலைக்காரி

வண்டி வரும்வரை வேலம்மாள் மற்ற மீன்காரிகளோடு உட்கார மாட்டாள். கூடையைப் பட்டம்மாளிடம் விட்டுவிட்டு, பிளாட்பாரத்தில் கூரை முடிகிற இடத்தையும் தாண்டிப் போய் நிற்பாள். வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளிப்பாள். பிறகு வானத்தைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைப்பாள். சத்தம் வராது. முடிந்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவாள்.

நான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் கல்லூரி போய்வந்த காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. நான் பார்ப்பதைப் பட்டம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னா தம்பி, முறைச்சு முறைச்சுப் பாக்குற? அவ ஒப்பாரிக்காரி. கனவுல வந்த பாட்டை ஒத்திகை பாக்குறா. கூரைக்குக் கீழ பாடுனா எழவு வுழும்ல?"

குறிஞ்சிப்பாடிவரை எந்தச் சாவு வீட்டுக்கும் வேலம்மாளுக்குத்தான் ஆள் வரும். ஆனால் பாட்டு தன்னுடையது இல்லை என்பாள் அவள். கனவில் ஒரு பெண் வருவாளாம். ஈரத்தலை, சேற்றுக்கால். முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வரி சொல்வாளாம். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானே வந்துவிடுமாம்.

"மொகம் எப்படியிருக்கும்?" என்று கேட்டேன். நான் அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"காட்டுனாத்தான? கீழ வீதிப் பூக்கடையில ஒருவாட்டி நின்னா. பின்னாலயே ஓடுனேன். கூட்டத்துல பூந்துட்டா."

"அந்த நேரம் பார்த்து நாயி உன் கூடையில பூந்துடுச்சு," என்றாள் பட்டம்மாள். "தம்பி, உன் புஸ்தகத்துலயாச்சும் அவ இருக்காளா பாரு."

என் கையில் இருந்தது புதுக்கவிதை. ஒன்றைப் படித்துக் காட்டச் சொன்னாள் வேலம்மாள். கூச்சத்தோடு படித்தேன்.

"ஓசையே இல்லியே. இத வச்சுக்கிட்டு எப்பிடித் தம்பி அழுவ?"

அன்று வகுப்பில் முன் பெஞ்சில் ஓர் ஈரப் பின்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் திரும்பக் கூடாது என்று ஏன் நினைத்தேன் என்பது இன்றும் புரியவில்லை.

ஐப்பசியில் வேலம்மாள் கூரை தாண்டிப் போவதை நிறுத்திவிட்டாள். சாவு வீட்டிலிருந்து வந்த ஆளையும் திருப்பி அனுப்பினாள். ரயிலில் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்:

"தெனமும் வர்றா தம்பி. ஒரே வரியைச் சொல்லிட்டுப் போறா. ஆத்தா புள்ளைக்கு அழுவுற வரி. அத நான் வாயத் தொறந்து சொன்னா எம் மவன் காசிநாதன் போயிடுவான். சொல்லாட்டி வேற வரி தர மாட்டேங்குறா."

காசிநாதனை நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் கூடை காலியானதும் அவனுக்கென்று ஒரு பீடிக்கட்டு வாங்கி மடியில் முடிந்துகொள்வாள். கடலுக்குப் போகிற பிள்ளை என்பது மட்டும் தெரியும்.

"நீ எழுதுற புள்ளதான? அந்த வரிய நீ எடுத்துக்க. வேற யார் புள்ளைக்காச்சும் வச்சுக்க."

வாங்கிக்கொள்ளவும் பயம், மறுக்கவும் பயம். காதைக் கொடுத்தேன். அவள் வாயைத் திறந்த நேரம் வண்டி கிள்ளையில் நின்றது. வெளியே குழாயடியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். தலை ஈரம்.

வேலம்மாள் கூடையை விட்டுவிட்டு இறங்கினாள்.

"ஏய், எங்கடி போற?" என்று பட்டம்மாள் கத்தினாள். வண்டி நகர்ந்துவிட்டது. குழாயடியைத் திரும்பிப் பார்த்தேன். குடம் இருந்தது. பெண் இருந்தாளா இல்லையா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அதன்பின் பல நாள் வேலம்மாள் வரவில்லை. தை பிறந்த பிறகு ஒருநாள், அவள் மறுபடி கூரை தாண்டி நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மடியில் பீடிக்கட்டு முடியும் வழக்கம் மட்டும் இல்லை. பட்டம்மாளிடம் கேட்டேன். கேலி பேசாமல் சொன்னாள்.

காசிநாதன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் வருஷக்கணக்காகிவிட்டதாம். உடல் கரை ஒதுங்காத பிள்ளைக்கு அவர்கள் பக்கம் ஒப்பாரி வைப்பதில்லை; வைத்தால் இனி வர மாட்டான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. வண்டியிலிருந்து இறங்கிய அன்று கிள்ளை உப்பங்கழி ஓரம் தனியாக உட்கார்ந்து, பொழுது சாயும்வரை வேலம்மாள் வாய்விட்டுப் பாடியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கருமாதி. வந்த ஆம்பிளைகளுக்கு வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தது, வீட்டில் பிரிக்காமல் சேர்ந்திருந்த அந்தப் பீடிகளைத்தானாம்.