மறுகா என்ற ஒரே சொல்

அன்று காலை என் கணவர் என்னைப் பார்த்து "மறுகா" என்றார். நான் சொல்லிக்கொண்டிருந்த கதையின் மிச்சத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் கதை எதற்கும் அவர் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். இன்னும் விரிவாகச் சொல்லத் தொடங்கினேன்.

மறுகா என்றால் எங்கள் மட்டக்களப்புப் பேச்சில் 'பிறகு'. கதையைப் பாதியில் நிறுத்துகிறவரிடம் "மறுகா?" என்று கேட்போம், மேலே சொல்லுங்கள் என்று பொருள். விடைபெறும்போது "மறுகா வாறன்" என்போம். ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. அந்தச் சொல் ஒரு நோயின் முதல் அறிகுறியாக வரும் என்று யார் நினைப்பார்கள்?

இவர் பெயர் ஞானராசா. ஓய்வுபெற்ற ஆசிரியர். செட்டிபாளையத்தில் எங்கள் சபை சின்னது. போதகர் வெளியூர் போகும் ஞாயிறுகளில் இவர்தான் பிரசங்கம் செய்வார். மேடையில் ஏறிவிட்டால் ஊர்ச் சொல் ஒன்றும் வாயில் வராது. மறுகா அங்கே 'அதன் பின்னர்' ஆகிவிடும். எந்த வசனத்தை எடுத்தாலும் "இதன் பொருள் என்னவென்றால்" என்றுதான் தொடங்குவார். பொருள் தெரியாத வசனம் அவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை. அந்த ஞாயிறு அவர் பேசவிருந்த பொருள் தாழ்மை. தாழ்மையைப் பற்றி அவரைப் போல மேசையில் அடித்துப் பேச எங்கள் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது.

பிரசங்கத்துக்குப் போக வேண்டிய காலையில், தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக இருந்தவரிடம் நான் முந்தின மாலை நடந்ததைச் சொன்னேன். ஞாயிறு ஆராதனைக்காக எங்கள் சபைக் கோயிலில் பூ வைக்க நாங்கள் சில பெண்கள் போயிருந்தோம். பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்ததால் பக்கத்து வளவில் இருக்கிற புஸ்பத்தின் ஆடு உள்ளே புகுந்துவிட்டது. விரட்டினால் நேரே பிரசங்க மேடையில் ஏறி நின்றது. இதுவரை சொல்லியிருந்தேன்.

"மறுகா," என்றார்.

"மறுகா என்ன, நாங்க எல்லாரும் கத்துறம், அது இறங்குதில்ல," என்றேன்.

"மறுகா... மறுகா."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கோப்பை கையிலிருந்து நழுவி மடியில் கொட்டியபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வாயின் வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. சூடான தேத்தண்ணி தொடையில் ஓடியும் அவர் அசையவில்லை. கண்கள் மட்டும் என்னையே பார்த்தன.

இதே நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய வாய் ஒரு பக்கம் கோணினால், கையைத் தூக்க முடியாமல் போனால், பேச்சு மாறினால், ஒன்றையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கதையை மறுகா சொல்லலாம்.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் கொண்டுபோனோம். ஆரையம்பதி, காத்தான்குடி எல்லாம் கடந்து கல்லடிப் பாலம் ஏறும்போது வாவி வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அவர் என் தோளில் சாய்ந்தபடி அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜெபிக்கப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர் கேட்டார். "அம்மா, கதை எப்ப மாறின? கட்டியைக் கரைக்கிற மருந்து குடுக்கிறதெண்டா எப்ப தொடங்கின எண்டு எங்களுக்குத் தெரியணும்."

கதை என்று அவர் கேட்டது பேச்சை. நான் நேரத்தைச் சொன்னேன். ஆட்டுக் கதையை மட்டும் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் ஒன்றை இரத்தக் கட்டி அடைத்திருந்தது. அதனால் பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). மருந்து கொடுத்தார்கள். "நேரத்தோட வந்திட்டீங்க. இன்னும் முந்தி வந்திருந்தா இன்னும் நல்லம்," என்றார் அந்தப் பிள்ளை. அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது வசனம் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே இருந்துவிட்டது.

கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பொல்லை ஊன்றி நடக்கத் தொடங்கினார். வலக்கை சோம்பேறியாகவே கிடந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் மறுகாதான். பசிக்கும் மறுகா, கோபத்துக்கும் மறுகா, என் பெயரும் மறுகா.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் நஸ்ரீன் என்ற காத்தான்குடிப் பிள்ளை. அவர்தான் எனக்கு விளங்கவைத்தார். இதற்குப் பேச்சிழப்பு (அறிவும் நினைவும் இருக்க, சொல்லை எடுக்கும் வழி மட்டும் மூளையில் பழுதாகிப் போவது) என்று பெயர். சிலருக்கு ஒரே ஒரு சொல் தங்கிவிடும். அந்தச் சொல்லை அவர்கள் தெரிந்து எடுப்பதில்லை.

"மாஸ்டருக்கு எல்லாம் விளங்கும். வாயிலதான் வருகுதில்ல," என்றார் நஸ்ரீன். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வேல செய்யணும் அன்ரி. அவர் சொல்லத் தேடக்குள்ள நீங்க எடுத்துக் குடுக்கப்படாது. பாத்துக்கிட்டு இரிங்க."

எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது என் பரம்பரையிலேயே இல்லை.

பார்க்க வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் சபைப் பெண்ணொருத்தி அடுப்படிக்கு வந்து என் காதோடு, "எல்லாம் கர்த்தருக்குத் தெரியும் அக்கா. அண்ணனைக் கொஞ்சம் தாழ்த்தப் பாத்திருப்பார்," என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். ஒரு மனிதனுக்குத் தாழ்மை படிப்பிக்க அவனுடைய இரத்தக்குழாயை அடைக்கிற கடவுளை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. கட்டி வந்தது பிரஷரால். அதற்கு வைத்தியர் தந்த குளிசையை இவர் ஒழுங்காகப் போடாததால். இதை எழுதாமல் விட்டால் படிக்கிற யாராவது தன் நோயைத் தண்டனை என்று எண்ணிவிடக்கூடும்.

ஆனாலும் எனக்கும் கடவுளோடு மனத்தாங்கல் இருந்தது. கையை எடுத்திருக்கலாமே, காலை எடுத்திருக்கலாமே, பேச்சையா எடுப்பது என்று கேட்டேன். பிரசங்கம் இல்லாமல் இந்த மனிதன் எப்படி உயிரோடு இருப்பார்? கோயில் மணி கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோயிலுக்கு வாருங்கள் என்றால் தான் உட்கார்ந்திருந்த கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வேதத்தை விரித்து முன்னால் வைத்தால் மூடிவிட்டார். அந்த நாட்களில் நான் பயந்தது மரணத்துக்கு அல்ல. அவர் இப்படியே உள்ளுக்குள் வற்றிப்போய்விடுவார் என்றுதான் பயந்தேன்.

ஒரு பின்னேரம் தேவசகாயம் வந்தார். வாவியில் தோணி போடுகிறவர், எங்கள் சபைக்காரர். போன வருடம் மனைவி தவறிப்போனார். அந்த அடக்க ஆராதனையில் இவர்தான் பிரசங்கம் செய்தார். உருக்கமாகவே செய்தார், ஊரெல்லாம் அழுதது. அதற்குப் பிறகு தேவசகாயம் கோயிலுக்கு வருவது குறைந்துபோயிருந்தது.

சுகம் விசாரிக்க வந்தவர் கொஞ்ச நேரம் வாவியைப் பற்றிக் கதைத்தார். இறால் இல்லை, முகத்துவாரம் மண் மூடிவிட்டது என்றார்.

"மறுகா," என்றார் இவர்.

"மறுகா என்ன மாஸ்டர், சும்மா தோணிய எடுத்துக்கிட்டுப் போறதான். வீட்ட இரிக்க ஒண்ணா."

ஒண்ணா என்றால் முடியாது. தேவசகாயம் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

"மறுகா."

தேவசகாயம் தலையைக் குனிந்தார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார். மனைவி போனதிலிருந்து ஜெபம் வரவில்லை என்றார். முழங்காலில் நின்றால் கோபம்தான் வருகிறதாம். கோயிலில் எல்லாரும் கண்ணை மூடும்போது தான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாராம். இதை யாரிடமும் சொன்னதில்லையாம். இவர் நடுநடுவே அதே சொல்லைச் சொன்னார். அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். கடைசியில் சொல்ல ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் அழுதார்கள்.

எனக்கு இவரைத் தெரியும். பேச்சு இருந்திருந்தால் முதல் வசனத்திலேயே பதில் சொல்லியிருப்பார், ஆறுதல் வசனம் இரண்டு எடுத்துக் கொடுத்து, "இதன் பொருள் என்னவென்றால்" என்று விளக்கி, ஜெபித்து அனுப்பியிருப்பார். தேவசகாயமும் அந்தக் கோபத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

வெளியே வந்த தேவசகாயம் என்னிடம், "மாஸ்டர் நல்லாக் கேக்கிறார் அக்கா. மறுகா எண்டு சொன்னவர். நான் நாளைக்கும் வாறன்," என்றார்.

அது நோய், அவர் கேட்டுச் சொன்னதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நஸ்ரீன் சொன்னது ஞாபகம் வந்தது. பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தேவசகாயம் மறுநாளும் வந்தார். பிறகு வேறு ஆட்களும் வந்தார்கள். மருமகளோடு ஒத்துப்போகாத கிழவி, கட்டாருக்குப் போன புருஷனிடமிருந்து செய்தி வராத பெண், இப்படி ஒவ்வொருவராக. எல்லாருக்கும் அதே சொல்தான். ஆனால் அது மாறிக்கொண்டு வந்ததை நான் கண்டேன். முதலில் சும்மா வழுக்கி விழுந்த சொல், போகப்போக ஒரு கேள்வியாக நிமிர்ந்தது. அவர் முன்னால் சாய்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, காத்திருந்து கேட்டார். எந்த மாதம் அது நோயாக இருப்பதை விட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிறு மணி அடித்தபோது தானாகவே பொல்லை எடுத்தார். கோயிலில் முன்வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. அதற்குப் போகாமல் கடைசி வரிசை வாங்கில், பிந்தி வருகிறவர்களோடு உட்கார்ந்தார். சபையார் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்கும் நேரம் வந்தது. இரண்டு பேர் நீளமாக ஜெபித்தார்கள். பிறகு ஓர் அமைதி. அந்த அமைதியில் பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது.

"மறுகா?"

முன்னால் இருந்த சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்மார் அதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி, தேவசகாயத்தின் முன் சாய்வது போலவே கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கடவுளைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர், கடவுளிடம் 'நீர் சொல்லும்' என்று கேட்டதை நான் அன்றுதான் கண்டேன். அங்கே அவருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. முகத்திலிருந்த கோபம் மட்டும் போயிருந்தது.

பிறகு மெல்ல வேறு சில சொற்கள் வந்தன. தண்ணி, ஓம், போதும். என் பெயர் ராணி என்பதும் ஒருநாள் வந்தது, நான் அடுப்படியில் ஒளிந்து நின்று அழுதேன். போதகர் உற்சாகமாகி, "மாஸ்டர், இன்னும் கொஞ்ச நாள்ல பிரசங்க மேடைக்கு வந்திருவீங்க," என்றார். இவர் இடக்கையால் தன் காதைத் தொட்டார், பிறகு தான் இருந்த வாங்கைத் தட்டினார். போதகருக்கு அது விளங்க நேரமெடுத்தது. எனக்கு உடனே விளங்கியது.

இத்தனைக்கும் நான் ஒருத்திதான் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். ஊரெல்லாம் வந்து மனதைக் கொட்டிவிட்டுப் போகிறது, எனக்கு அந்தக் காலை நெஞ்சில் அப்படியே கிடந்தது. ஒரு ஞாயிறு கோயிலுக்குப் புறப்பட முன், தேத்தண்ணியை அவருடைய இடக்கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"இஞ்ச பாருங்க, அண்டைக்கு உங்களுக்கு வாய் கோணி வருத்தம் வந்த நேரம் நான் நீங்க கதை கேக்கிறீங்க எண்டு நினைச்சன். அதான் கதைச்சுக்கிட்டே இருந்தன். உடனே பாத்திருந்தா உங்கட கதை இண்டைக்கு நல்லா இருந்திருக்கும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்தார்.

"மறுகா?" என்றார்.

"மறுகா என்ன? அவ்வளவுதான்."

இல்லை என்று தலையை ஆட்டினார். இடக்கையால் கோயில் பக்கம் காட்டினார். பிறகு இரண்டு விரலைத் தலைக்கு மேலே கொம்பு போல் வைத்துக்காட்டினார். "மறுகா?"

ஆடு. அந்த ஆட்டுக் கதையின் மிச்சத்தைக் கேட்கிறார். அப்படியென்றால் அன்று காலை, மூளையில் இரத்தம் அடைபட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"நாங்க கத்தக் கத்த அது இறங்கவேயில்ல," என்றேன். "மேடையில நிண்டு எங்களையே பாத்து மே மே எண்டு கத்துது. களைச்சுப்போய் எல்லாரும் வாங்கில இருந்திட்டம். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல. மறுகா தானாவே இறங்கி வந்து எங்களோட நிண்டிட்டு."

அவர் பாதி வாயால் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. இடக்கையால் மறுபடி கொம்பு காட்டி, அதே கையைத் தன் நெஞ்சில் வைத்தார். ஒரு சொல்லைத் தேடுவது தெரிந்தது. உதடு குவிந்தது, விரிந்தது. எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்கு அது வேண்டுகிற நேரம் கிடைக்கிறது.

"நான்," என்றார்.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அன்று நாங்கள் பிந்தித்தான் போனோம்.