பெற்றோர் என்ற இடத்தில்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். யார் பிள்ளையாக இருந்தாலும் மேலே ஒரு ஈ உட்கார விடமாட்டேன். அப்படிப்பட்ட என் வீட்டிலேயே பதின்மூன்று வயது மகள் கைக்குப் போன் வந்தது. பாடமெல்லாம் போனுக்குத்தான் அனுப்புவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால் வாங்கிக் கொடுக்காமல் என்ன செய்வது?

பக்கத்து டிவிசனில் ஒரு பிள்ளையை முன்பின் தெரியாத எவனோ போன் வழியாகப் படம் கேட்டுத் தொந்தரவு செய்தான் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் நிம்மதி போயிற்று. பிள்ளைகளின் போனுக்கு லொக் போடலாம், பெற்றோர் அனுமதி இல்லாமல் எதையும் இறக்க முடியாது என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மறுநாளே போனைத் தூக்கிக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன்.

அங்கே ஒரு கொமினிகேஷன் கடை. போனுக்கு ரீலோட் போடுவது, போட்டோ கொப்பி எடுப்பது எல்லாம் எங்கள் ஆட்களுக்கு அங்கேதான். கடைக்காரர் நாற்பது வயது தாண்டியவர், தன்மையாகப் பேசுவார்.

"இமெயில் இருக்கா தங்கச்சி?"

"எனக்கு எங்கண்ணே இமெயிலு?"

"பரவால்ல, நம்மளோடத போட்டுத் தாரேன்."

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட்டால் பதில் அவருடைய இமெயிலுக்குத்தான் வரும். பரீட்சைப் பெறுபேறும் அவர் சொல்லித்தான் தெரியும். கெட்ட படம் எதுவும் வராது, புதிதாக எதை இறக்கினாலும் அனுமதி கேட்கும் என்று விளக்கிப் போனைக் கொடுத்தார். தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியதுபோல வீட்டுக்கு வந்தேன்.

சில மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், விறகோடு வந்துகொண்டிருந்தேன். எங்கள் லயத்து வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் மகள் ரோட்டு வளைவில் மதகின் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ஆடிப் பாடும் வீடியோக்கள் ஓடும் ஆப் அது. 'அழகா இருக்கீங்க, எந்த ஊரு?' என்று எவனோ எழுதியிருந்தான். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. விறகைக் கீழே போட்டுவிட்டுக் கையை ஓங்கினேன்.

"யாரக் கேட்டுடி இத எறக்கின?"

"உங்களத்தான் கேட்டேன். நீங்கதானே சரின்னு குடுத்தீங்க!"

"நானா?"

அவள் அழுதுகொண்டே போனைத் தடவிக் காட்டினாள். இவள் அனுமதி கேட்டிருக்கிறாள், அனுமதியும் வந்திருக்கிறது. 'பெற்றோர் அனுமதித்துள்ளார்' என்று தமிழிலேயே போட்டிருந்தது. என் போனில் எனக்குக் கணவரோடு பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. "எந்தப் பெற்றோரு? காட்டு" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் எங்கெங்கோ தட்டினாள். 'பெற்றோர்' என்று எழுதியிருந்த இடத்தில், சின்ன வட்டத்துக்குள், நீர்வீழ்ச்சி ஒன்றின் முன்னால் சிரித்தபடி கடைக்காரர் நின்றார்.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் கணவருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "அவரு நல்ல மனுசன். இத பெருசு பண்ணாத" என்றார். "நல்ல மனுசனா இருந்தா என் புள்ளைக்கு அப்பனாயிருவாரா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. "அந்த ஆப்ப நீங்களா குடுத்தீங்க?" என்று நேராகக் கேட்டேன்.

"ஆமா தங்கச்சி. புள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு, பாவம்னு குடுத்துட்டேன்."

கொஞ்சமும் பதறவில்லை. பிறகு எனக்கு உதவி செய்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. புள்ள டியூசன் முடிஞ்சு ரோட்டால வாரதில்ல. தேயிலைக்குள்ள குறுக்குப் பாதையில தனியா வருது. ஆளில்லாத எடம், கொஞ்சம் கவனிங்க."

பெற்ற எனக்குத் தெரியாத பாதை அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். தன் போனை என் பக்கம் திருப்பினார். ஒரு வரைபடம். அதில் தலவாக்கலை டவுனுக்குள், நாங்கள் நின்ற அதே இடத்தில் என் மகளின் முகம். மேலே தோட்டங்களுக்குள் வேறு பிள்ளைகளின் முகங்கள். அவற்றில் சில என் காம்பராவில் தொட்டிலில் தூங்கிய முகங்கள்.

"ஒரு இமெயில்ல அஞ்சாறு புள்ளைங்கதான் சேரும். அதனால நாலஞ்சு இமெயில் வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக.

"எம் புள்ளய எடுங்க. இப்பவே" என்றேன்.

"எடுத்தா அந்தக் கணக்கே அழிஞ்சிரும் தங்கச்சி. பாடம், போட்டோ எல்லாம் போயிரும்."

மகள் முந்திக்கொண்டாள். "போகட்டும். எடுங்க."

அவர் முகம் கறுத்தது. ஆனாலும் அழித்தார். மகளின் முகம் வரைபடத்திலிருந்து மறையும்வரை நான் அசையவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வட்டகொடை பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டவுனைத் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் இப்ப எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாதுல்லம்மா?"

"தெரியாது."

"கடைக்குப் போறப்ப, ஏன் நேத்து டியூசன் போகலன்னு கேப்பாரு. ஒரு நாளு, அந்தப் பாதையில தனியா போகாத, நான் வேன்ல கொண்டுபோய் வுடுறேன்னு சொன்னாரு."

"போனியா?"

"இல்ல. பயமா இருந்துச்சு. போகல."

"ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்கதான் அவர பாத்துக்கச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டு பஸ் என்றும் பாராமல் அழுதேன். அந்த வரைபடத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளின் தாய்மாரும் பிள்ளைக்குப் பாதுகாப்புப் போட்டாயிற்று என்ற நிம்மதியில் நாளைக் காலையில் மலைக்குப் போவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் சத்தம் போட்டேன்.

"எங்கம்மா போறோம்?"

"பொலிசுக்கு."

மகள் எனக்கு முன்னால் இறங்கினாள்.