முன்கேட்டும் பின்கேட்டும்

கோஷம் எழுதுவதில் எங்கள் மாமாவை அடித்துக்கொள்ள அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழில் தோற்றவர்தான், ஆனால் எதுகை மட்டும் எப்படியோ அவர் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தாளம் சரியாக இருந்தால், ஒரு வார்த்தையும் புரியாத வங்காளிகளும் தெலுங்கர்களும்கூடத் தமிழ் வரியைத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். மைக்கில் வந்ததை மூன்று தடவை சொல்ல வேண்டும், யோசிக்கக் கூடாது. கூட்டத்தின் வழக்கம் அது.

அப்போது எனக்கு எட்டு வயது. கப்பல் சரக்கு இறக்கும் கான்ட்ராக்ட் ஆட்கள், வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி ஸ்ட்ரைக் செய்தார்கள். ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று மாமாதான் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அப்பாவும் சத்தியம் செய்துவிட்டு, துறைமுகத்தின் முன்கேட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீ சொல்லுடி குட்டி. ருக்னா மத், நிறுத்திராதே, தாளம் விட்டா கூட்டம் கலைஞ்சிரும்" என்று மைக்கை என்னிடம் கொடுத்தார். எனக்கு மனப்பாடமாயிருந்த வரிகளெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோயின. கூட்டமோ அடுத்த வரிக்காகக் காத்திருந்தது. மாமா மாதிரியே எதுகை தேடினேன். முன் என்றால் பின். அப்பா தினமும் விடியும்போது பின்கேட்டு வழியாக வேலைக்குப் போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்புவதை வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். அது வாயில் வந்து விழுந்தது.

"முன்கேட்டு மூடிக் கிடக்குது, பின்கேட்டில் வேலை நடக்குது."

முதல் தடவை எல்லாரும் குஷியாகத் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவது தடவை தமிழ் ஆட்களின் குரல் இறங்கியது. மூன்றாவது தடவை சொன்னவர்கள், அர்த்தம் புரியாதவர்கள் மட்டும்தான். பிறகு அவர்களும் நிறுத்திவிட்டார்கள். மாமா மைக்கைப் பிடுங்கக்கூடத் தோன்றாமல் விறைத்துப்போய் நின்றார்.

அந்த அமைதியில் அப்பாவின் குரல் மட்டும் எழுந்தது. கையை உயர்த்தி, என் வரியைத் தாளம் பிசகாமல் தனியாக ஒரு தடவை சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் பாட்டு அப்பாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அப்பா, நாளைக்கு என்னையும் பின்கேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."