மொரிஸ் மைனரும் பாக்குவெட்டியும்

பாம்பு கடித்தவர், மரத்தால் விழுந்தவர், இழுப்பு வந்த குழந்தை, பிள்ளைப்பேற்றுக்காரி என்று சண்டைக் காலம் முழுவதும் தேற்றாத்தீவு ஆட்களைப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நல்லரத்தினத்தின் மொரிஸ் மைனர். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் வேறும் இருந்தார்கள். கார் நின்றுவிட்டால் பதறாதவர் அவர் ஒருவர்தான்.

அந்த நாளில் துவக்கும் கையுமாக யாரும் வந்து, காரைக் கொண்டுபோகத் திறப்பைக் கேட்கலாம். மறுக்க முடியாது. ஆகவே நல்லரத்தினம் காரை வளவுக்குள் விட்டதும், பற்றரி முனைக்கும் அதைக் கவ்வியிருக்கும் வளையத்துக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டொன்றைச் செருகி இறுக்கிவிடுவார். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் ஓடாமல் கார் மட்டும் அசையாது. "பழைய சாமான் தம்பி, செத்துப்போச்சு" என்று திறப்பைத் தாராளமாக நீட்டுவார். அப்படி இரண்டு தடவை கார் தப்பியது.

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம், அடுத்த வளவுப் புஸ்பத்துக்கு மாதம் நிறையுமுன் இரத்தம் பட்டது. தாய் சீதேவிப்பிள்ளை கூப்பிட்ட குரலில் நல்லரத்தினம் ஓடிப்போய் வளையத்தைத் தளர்த்தி, டியூப் துண்டை இழுத்தெறிந்து, இறுக்கி, தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

பட்டணத்துக்குப் போகும் கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் என்ஜினை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நிறுத்தினார். பார்த்து முடித்துப் போகச் சொன்னார்கள். ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். ஒரு முனகல்கூட இல்லை. பொழுது பட்டால் பாலம் மூடிவிடும்.

"என்ன மனே, சத்தத்தைக் காணல்ல?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"பொறுங்க மாமி, நாடி பாக்கன்."

"நாடி பாக்க வேண்டியவள் இஞ்ச கிடக்காள்."

"அவள இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வையுங்க. துணி நனைஞ்சா உடன சொல்லுங்க."

ஹோர்னை அழுத்தினார், இல்லை. விளக்கைப் போட்டார், இல்லை. ஸ்டார்ட்டர் மட்டும் போயிருந்தால் விளக்கு எரியும். எல்லாம் ஒன்றாகப் போனதால் கோளாறு கரண்ட் புறப்படும் இடத்தில்தான் என்று பொனற்றைத் திறந்தார்.

"தள்ளு, தள்ளு," என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய், தெரிந்த தமிழில்.

"தள்ளி வேலையில்ல சேர். கரண்டே வரல்ல."

பின்னால் லொறியில் இருந்த காத்தான்குடி முனாப் இறங்கி வந்தார். "ரத்தினம், பற்றரி செத்திருக்கும். இந்தக் கார்ப் பெட்டியத் தோணியில ஏத்து, வெள்ளனப் போய்ச் சேரும்."

நல்லரத்தினம் ஸ்க்ரூ ட்ரைவரைப் பற்றரியின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு கணம் தொட்டார். பட்டென்று கொழுத்த பொறி பறந்தது.

"பற்றரிக்கு உயிர் இருக்கு முனாப். வெளிய வர வழிதான் இல்ல."

காரின் இரும்பு உடம்போடு பூட்டிய பற்றரிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார், இறுக்கம். வளையங்களைத் தொட்டார். ஒன்று குளிர்ந்திருந்தது, மற்றது விரலைச் சுட்டது.

"மாமி?"

"இன்னொரு துணி மாத்திட்டன். கெதியாப் பாரு."

சுட்ட வளையத்தைக் கழற்றினார். உள்ளே, அவசரத்தில் அறுந்து மிஞ்சிய டியூப் துணுக்கு கருகி ஒட்டியிருந்தது. வளையத்தின் ஒரு ஓரம் மட்டும் பற்றரி முனையின் ஈயத்தில் பட்டு, வரும் வழியெல்லாம் சூடேறிக் கடைசியில் அதுவும் விட்டுப்போயிருக்கிறது.

"இது என்ன?" என்றான் சிப்பாய்.

"கள்ளனுக்குப் போட்ட பூட்டு, சேர்."

"எந்தக் கள்ளன்?"

"காரக் களவெடுக்கிற எவனும்."

சிப்பாய் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு திரும்பி நின்றுகொண்டான்.

கருகலைச் சுரண்ட ஸ்க்ரூ ட்ரைவரின் மொட்டை முனை போதாது, கத்தி வேண்டும். சாவடிக்குக் கத்தி கொண்டுவர யாருக்குத் துணிவு? சீதேவிப்பிள்ளை மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துச் சன்னலால் நீட்டினாள். ஈயம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வளையத்தை இறுக்கினார். குமிழை இழுத்ததும் கார் இருமிக்கொண்டு எழும்பியது. முனாப் லொறியை ஒதுக்கி வழி விட்டார்.

பாலம் மூடுமுன் கடந்தார்கள். புஸ்பம் தப்பினாள். பிள்ளை நோஞ்சான், ஆனாலும் அழுதது.

ஆசுப்பத்திரி வாசலில் நல்லரத்தினம் பாக்குவெட்டியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து நீட்டினார்.

"ஈயம் பட்ட வெட்டியால பாக்குச் சீவித் தின்னவெச்சு என்னையும் ஆசுப்பத்திரிக் கட்டில்ல போடப் பாக்கியா?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "நீயே வெச்சிரு. இனி அந்த றப்பரப் பாத்து இழு."

அன்றிலிருந்து அவர் டியூப் துண்டை இழுத்தால், செருகிய நீளம் முழுதாய் வந்ததா என்று கையில் விரித்துப் பார்த்த பிறகே ஏறுவார். யார் எப்படிக் கத்தினாலும் பார்ப்பார். பாக்குவெட்டி காரின் சாமான் பெட்டியிலேயே கிடந்தது.