கேசட்டில் இருந்த பெயர்

பஹ்ரைனில், குதைபியாவில் இருக்கும் எங்கள் தமிழ் மன்றம், அந்தக் காலத்தில் வளைகுடாவுக்கு வந்தவர்களின் பழைய சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் சேர்த்து வைக்கிறது. அதற்காக என் ரூமில் தங்கியிருக்கும் சண்முகம் ஒரு கேசட் கொண்டுவந்தான். எழுதத் தெரியாத அவன் மனைவி, ஊரிலிருந்து பேசிப் பதிந்து அனுப்பியது. அவள் இப்போது இல்லை. கேட்க அவனிடம் டேப் ரிக்கார்டரும் இல்லை.

"கடைசியில என் பேரச் சொல்லுவாண்ணே. நேர்ல ஒருநாளும் சொன்னதில்ல. அத ஒருக்கா கேட்டுட்டுக் குடுத்துர்றேன்."

கண்ணாடிப் பெட்டியின் திறப்பு விழாவில் மன்றச் செயலாளர் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, அங்க எவளையாச்சும் பாத்தீங்க, கண்ணு அவிஞ்சிரும்!" என்றது குரல்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். செயலாளர் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"போதும் சார், கடைசிக்குப் போங்க சார்" என்று சண்முகம் கெஞ்சினான்.

"இருப்பா, இன்னிக்கு உன் சம்சாரம்தான் ஸ்டாரு!"

இற்றுப்போன நாடா சிக்கித் துண்டு துண்டானது. "கலாஸ்! முடிஞ்சுது. வாங்க, சாப்பிடலாம்" என்றார் செயலாளர்.

கேசட் இன்றும் கண்ணாடிக்குள் இருக்கிறது. எத்தனையோ வருடமாக அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தேன். இப்போது "தம்பி" என்கிறேன். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.