ஸ்டோர் அறையிலிருந்து வந்த பதில்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் காலேஜ் பிள்ளைகளுக்கு வாடகை அறை பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. காலி வீடாக இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். உள்ளே "இருப்பவர்களுக்கு" மரியாதையாம். எனக்குப் பேய் பயம் கிடையாது. ஆனாலும் தட்டுவேன், வம்பு எதற்கு?

அன்று திவ்யாவை ஒரு காலி பிளாட்டைக் காட்ட அழைத்துப் போனேன். தெலுக் பங்லிமா காராங் என்ற தூரத்து ஊர்ப் பெண். தினமும் அங்கிருந்து வந்து படிக்க முடியாது. மலிவாக அறை கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு பேக்டரி வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம் வீட்டில். இந்தப் பிளாட்டில் வாடகை ரொம்பக் குறைவு. மாஸ்டர் ரூம் மட்டும் தன் சாமான் வைத்துப் பூட்டிய ஸ்டோர் என்று ஓனர் சொல்லியிருந்தார். அதுவும் வழக்கம்தான்.

வாசல் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று சமாளித்துக்கொண்டு திறந்தேன். பட்டப்பகல். ஹாலில் ஒருவரும் இல்லை. திவ்யாவுக்குப் பக்கத்து அறை பிடித்துப்போயிற்று; மேசையை எங்கே போடுவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஸ்டோர் அறையைக் கடந்தபோது, கதவுக்கு அடியிலிருந்து ஃபேன் காற்று கால் விரல்களில் பட்டது. சாமான்களுக்கு எதற்கு ஃபேன்?

கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. மெதுவாகத் தட்டினேன். உடனே பதில் வந்தது, தரையோடு தரையாக, கதவின் அடியிலிருந்து. திவ்யா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் குரலில் பதற்றமே இல்லை.

"எங்க அண்ணன்தான்கா. கொஞ்சம் புத்தி சரியில்ல. ஒன்னும் பண்ண மாட்டாரு லா. அந்தப் பொண்ணு நேரத்துக்குச் சோத்த கதவுக்கு அடியில தள்ளிவிட்டா போதும். வாடகையே வேணாம்னு சொல்லுங்க."

போனைத் துண்டித்தேன். பேயாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

திவ்யா தரையில் குனிந்து, "அங்கிள், இருக்கீங்களா?" என்று கேட்டாள். உள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது.

"புதுசா வந்த பொண்ணா? முன்ன இருந்த பொண்ணு பரீட்சை முடிஞ்சி போயிடுச்சா?"

திவ்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போலீசுக்குப் போன் செய்தவளும் அவள்தான். அவர்கள் வந்து பூட்டை உடைத்து அந்த மனிதரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திவ்யாவுக்கு வேறு அறை கிடைக்கும்வரை என் வீட்டில் தங்கவைத்தேன்.

ஓனரை மறந்துவிட்டேன். அங்கே முன்பு இருந்த மாணவியைத்தான் மறக்க முடியவில்லை. கதவுக்கு அடியில் சோற்றைத் தள்ளிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்து, பாஸ் பண்ணி, சாவியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மலிவான அறை கேட்டு வரும் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் ஒன்று சொல்கிறேன்: வாடகை குறைவாக இருந்தால், எதைக் கண்டும் காணாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.